அரசர் கருவுறும் நாட்டில் ஒரு தூதர்

ஒரு நாட்டின் அரசர் கருவுற்றிருப்பதாகச் செய்தி வருகிறது. அரசி அல்ல, அரசர்தான். அந்த நாட்டுக்காரர்களுக்கு அது வழக்கமான அரண்மனைச் செய்தி. அதைக் கேட்டு நெளிபவர் அங்கு ஒருவர்தான். வெளியுலகத்திலிருந்து வந்து ஏறக்குறைய ஈராண்டாக அங்கே தங்கியிருக்கும் தூதர். அவர் பெயர் கென்லி ஐ. நிறம் நம்மைப் போல் கறுப்பு. வயது முப்பதுக்குள். வந்த வேலை, அந்தக் கோளை எண்பதுக்கும் மேற்பட்ட உலகங்கள் சேர்ந்திருக்கும் ஒரு கூட்டமைப்பில் சேரும்படி அழைப்பது. படையோ ஆயுதமோ இல்லை. ஒற்றை ஆளாகப் போனால் யாரும் அஞ்ச மாட்டார்கள் என்று அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குயின் 1969ஆம் ஆண்டு எழுதிய ‘த லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ என்ற நாவலின் கதை இது. தமிழில் ‘இருளின் இடக்கை’ எனலாம். அறிபுனை இலக்கியத்துக்கு வழங்கப்படும் பெரிய விருதுகளான நெபுலா, ஹியூகோ இரண்டையும் பெற்ற நூல். அறிபுனை என்றதும் விண்கலமும் லேசர் துப்பாக்கியும் தேடுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். பனி, பசி, அரசியல் சூழ்ச்சி, இரண்டு பேரின் நட்பு, இவ்வளவுதான் கதை. அந்த இரண்டு பேரில் ஒருவர் ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

கெத்தன் என்ற அந்தக் குளிர்க்கோளின் மக்களுக்கு நிலையான பால் கிடையாது. ஏறத்தாழ 26 நாள் கொண்ட உடற்சுழற்சியில் 21, 22 நாள் அவர்கள் எந்தப் பாலும் அற்றவர்கள். மீதிச் சில நாள்களில் ‘கெம்மர்’ என்ற நிலை வருகிறது. அப்போது இணையும் இருவரில் ஒருவர் உடல் ஆணாகவும் மற்றவர் உடல் பெண்ணாகவும் மாறும். யார் எதுவாவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்த மாதம் ஆணானவர் அடுத்த மாதம் பெண்ணாகலாம். கருத்தரித்தால் மட்டும் பெண்ணுடல் நீடிக்கிறது. பிள்ளை பெற்று, பால் கொடுத்து முடித்த பிறகு மீண்டும் பழைய நிலை. ஆகவே ஒரே ஆள் மூன்று பிள்ளைகளைப் பெற்ற தாயாகவும், வேறு இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகவும் இருக்க முடியும். கால்வழியைத் தாய்வழியில் கணக்கிடுகிறார்கள். பெற்றவர் வழி என்று சொல்வதுதான் சரி.

இப்படி ஓர் உடலமைப்பைக் கற்பனை செய்வது பெரிய காரியமல்ல. அதிலிருந்து என்னென்ன பின்தொடரும் என்று ஒவ்வொன்றாக நூல் பிடித்துப் போவதில்தான் லெ குயின் வேறுபடுகிறார். கெம்மர் நாள்களில் எவருக்கும் வேலை கிடையாது. முதலாளிக்கும் விடுப்பு, கூலிக்காரருக்கும் விடுப்பு. பதினேழிலிருந்து முப்பத்தைந்து வயதுவரை யாருக்கு வேண்டுமானாலும் வயிற்றில் பிள்ளை தங்கலாம் என்பதால், பிள்ளைப்பேற்றைக் காரணம் காட்டி ஒரு பாதி மக்களை வீட்டோடு கட்டிப்போட வழியில்லை. சுமையும் சலுகையும் எல்லாருக்கும் பொது. அங்கே கொலை உண்டு, பகை உண்டு, ஊர்ச்சண்டை உண்டு. போர் மட்டும் இதுவரை நடந்ததில்லை. பால் பிரிவு இல்லாததால் போர் இல்லையா, அல்லது கொடுங்குளிரோடு போராடவே பொழுது சரியாகப் போய்விடுகிறதா? லெ குயின் இதற்கு விடை சொல்லாமல் விட்டுவிடுகிறார். இரண்டு நாடுகள் ஒரு பள்ளத்தாக்குக்காக முதல் போரை நோக்கி நகர்வதையும் காட்டுகிறார். பால் வேற்றுமை நீங்கினால் பூலோக சொர்க்கம் என்று கூவாதது இந்த நூலின் நேர்மை.

நம் தூதர் கென்லி ஐ படித்தவர், நல்லவர், பொறுமைசாலி. ஆனாலும் யாரைப் பார்த்தாலும் முதலில் ஆணாகப் பார்க்கிறார். பிறகு பெண்ணாகப் பார்க்கிறார். இரண்டும் பொருந்தாதபோது எரிச்சல் அடைகிறார். அவர் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பருத்த உடலும் ஊர்வம்பு கேட்கும் ஆர்வமும் உள்ளவர். தூதர் இல்லாத நேரத்தில் பணம் வாங்கிக்கொண்டு அவர் அறையை மற்றவர்களுக்குத் திறந்து காட்டுகிறவர். கென்லி மனத்துக்குள் அவருக்கு வைத்திருக்கும் பெயர், நம் பாஷையில் சொன்னால், ‘வீட்டுக்காரம்மா’. ஒருநாள் அவரிடம், எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்கிறார். வீட்டுக்காரர் முகம் வாடிவிடுகிறது. பெற்றது ஒன்றும் இல்லை. ஆனால் நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். சிரித்துவிட்டுப் புரட்டிப் போய்விடக்கூடிய பக்கம்தான் அது. எனக்கு அங்கே நூலை மூட வேண்டியிருந்தது. ஏனென்றால் அந்தச் சிக்கல் என் தொழில் சிக்கல்.

நான் நம் நாட்டு நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கீழ் நீதிமன்றங்களில் விசாரணை மலாயில் நடக்கும். தமிழ் மட்டும் அறிந்த சாட்சியின் பேச்சை மலாயாக்க வேண்டும். மலாய்ச் சாட்சியத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். தமிழிலிருந்து மலாய்க்குப் போவது இறங்குமுகம். அவன், அவள், அவர் எல்லாம் ‘டியா’ என்ற ஒரே சொல்லில் கரைந்துவிடும். தோட்டத்துப் பாட்டி ஒருவர் கூண்டில் ஏறி, “அந்தப் புள்ள வந்துச்சு, கதவத் தட்டுச்சு” என்று சொன்னால்கூட ‘டியா’ போதும். மலாயிலிருந்து தமிழுக்கு வருவதுதான் ஏற்றம். “டியா வந்தார், டியா கத்தியை எடுத்தார், டியா ஓடினார்” என்று காவல்துறை அதிகாரி சொல்லிக்கொண்டே போவார். மூன்று டியாவும் ஒரே ஆளா, இரண்டு ஆளா, அதில் பெண் யாராவது உண்டா? மலாய்க்கு அந்தக் கவலை இல்லை. தமிழிலோ வினைச்சொல்லை முடிப்பதற்குள் தெரிந்தாக வேண்டும். வந்தானா, வந்தாளா, வந்தாரா? எத்தனையோ முறை நான் எழுந்து நின்று, எந்த டியா என்று நீதிபதியின் அனுமதியோடு கேட்டிருக்கிறேன். அவையில் சிரிப்பு எழும். தண்டனை யார் தலையில் விழும் என்பது சில நேரம் அந்தக் கேள்வியில் இருக்கும்.

சீன நண்பர்கள் ஆங்கிலம் பேசும்போது ‘ஹீ’யும் ‘ஷீ’யும் இடம் மாறி விழுவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். மாண்டரினில் பேச்சொலி இரண்டுக்கும் ஒன்றே. பெண்ணுக்கென்று தனி எழுத்து வழக்கத்துக்கு வந்ததே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஒரே உணவங்காடியில் புழங்கும் நம் ஊரில், பால் காட்டும் மொழியும் பால் காட்டாத மொழியும் பக்கத்துப் பக்கத்து மேசைதான்.

ஒரு வழக்கு. ஒரு கைப்பை காணாமல் போன சின்ன விவகாரம். குற்றம் சாட்டப்பட்டவர் திருநங்கை. அடையாள அட்டையில் ஆண் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், வந்து நின்றார். புடவை இல்லை, சாதாரணச் சட்டைதான். முடியைப் பின்னால் கட்டியிருந்தார். நீதிபதி ‘டியா’ என்றார், யாருக்கும் சங்கடம் இல்லை. வழக்கறிஞர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசி, ‘ஹீ’ என்று தொடங்கி, ‘ஷீ’ என்று திருத்தி, கடைசியில் ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்பதில் ஒதுங்கிக்கொண்டார். அடுத்து சாட்சியம். அவரைப் பற்றி மற்றவர்கள் மலாயில் சொல்வதையெல்லாம் நான் அவர் காதருகே தமிழில் சொல்ல வேண்டும். அவன் வந்தான் என்று சொன்னால் ஓர் அடி. அவள் வந்தாள் என்றால் அரசாங்கத் தாளுக்கு மாறு. அது வந்தது என்று சொல்ல என் நா எழாது.

நான் செய்தது இதுதான். ‘டியா’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘நீங்கள்’ என்று சொன்னேன். “அன்று இரவு நீங்கள் கடைக்கு வந்ததாகச் சொல்கிறார். நீங்கள் மேசைப் பக்கம் நின்றதாகச் சொல்கிறார்.” தமிழில் முன்னிலைக்குப் பால் கிடையாது. நான் என்பதற்கும் கிடையாது, நீ, நீங்கள் என்பதற்கும் கிடையாது. ஒருவரை நேராகப் பார்த்துப் பேசும்வரை தமிழ் அவர் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. அவர் முதுகுப் பின்னால் பேசும்போதுதான் கேட்கிறது. இரண்டாவது ‘நீங்கள்’ வந்தபோது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சாட்சியைக் கவனிக்கத் தொடங்கினார். புகார்தாரர் அடுத்த தவணைக்கு வரவில்லை, வழக்கு நிற்கவில்லை. வெளியே போகும்போது, “வரேன் சார்” என்றார். அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு இல்லை.

அந்த வழக்குக்குப் பல ஆண்டுகள் கழித்து, ஓய்வுக்காலத்தில் இந்த நாவல் கைக்கு வந்தது. எங்கள் வாசகர் வட்டத்துக்காக வாரம் மூன்று பக்கம் என்று தமிழில் சொல்லிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். அச்சிடுவதற்கு அல்ல, எங்களுக்குள் படிக்க. முதல் கூட்டத்திலேயே சண்டை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், “எதுக்குத் தலைவலி? எல்லாருக்கும் ‘அவர்’ போட்டுடுங்க. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மரியாதையாவும் இருக்கும்” என்றார். உண்மைதான். இந்தச் சலுகை ஆங்கிலத்துக்குக் கிடைக்கவில்லை. பலர்பாலாக இருந்த ‘அவர்’ ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாக மாறி, கூடவே பாலையும் உதிர்த்துவிட்டது. ஓர் இளம் ஆசிரியை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “ஐயா, அப்படிப் போட்டா கென்லி எதில் தடுமாறுகிறான் என்றே நமக்குத் தெரியாமப் போயிடுமே” என்றார்.

எனக்கு ஆசிரியை சொன்னது சரியாகப் படுகிறது. ஆங்கில மூலத்தில் கென்லி எல்லாரையும் ‘ஹீ’ என்றே குறிப்பிடுகிறார். அந்த ஆண்பால் சொல்தான் அவர் கண்ணைக் கட்டும் துணி. அமைச்சர் எஸ்ட்ராவென் அவரை விருந்துக்கு அழைத்து, மறைமுகமாக எச்சரிக்கை செய்கிறார். அந்த மறைமுகத்தைக் கண்டு கென்லி ஐயப்படுகிறார். இது பெண்களின் நெளிவு, நம்ப முடியாது என்று எண்ணுகிறார். ‘அவன்’ என்று மனத்தில் எழுதி வைத்த ஆளிடம் ‘அவள்’ குணம் தென்பட்டதால் வந்த ஐயம் அது. ‘அவர்’ என்று வழவழப்பாக மொழிபெயர்த்தால், முள் இருந்த இடமே தெரியாது. அதனால் முதல் அதிகாரங்களில் ‘அவன்’ போட்டிருக்கிறேன். தலைமை அமைச்சரை ‘அவன்’ என்பதா என்று தலைமையாசிரியர் இன்னும் கோபமாக இருக்கிறார்.

நாவலுக்குள்ளேயே இந்தச் சண்டைக்கு இடம் இருக்கிறது. கென்லிக்கு முன்பு மறைவாக வந்து ஆராய்ந்துபோன ஒரு பெண் ஆய்வாளரின் குறிப்புகள் ஓர் அதிகாரமாக வருகின்றன. இவர்களை ‘அது’ என்று சொல்ல முடியாது, இவர்கள் பால் அற்றவர்கள் அல்லர், இரண்டு பாலும் உள்ளுறையாக இருப்பவர்கள் என்கிறார். கடவுளை ஆண்பாலில் சொல்லி வந்ததைப் போல் இவர்களையும் ஆண்பாலில் சொல்கிறேன் என்று சமாதானம் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லே தன்னை ஓயாமல் ஏமாற்றுகிறது என்றும் எழுதுகிறார்.

கடவுள் என்ற அந்த ஒப்பீட்டைப் படித்ததும் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று மூன்றை வகுத்த கையோடு, தொல்காப்பியர் இரண்டு விலக்குகளைச் சொல்கிறார். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர் ஒன்று. தெய்வத்தைக் குறிக்கும் பெயர் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தமக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணையின் ஈறுகளையே பெற்று வரும் என்பது விதி. இரண்டையும் ஒரே நூற்பாவில் வைத்திருக்கிறார். அஃறிணையில் தள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் இன்றைக்கும் பேச்சில் கூசாமல் ‘அது’ என்கிறோம். இலக்கணம் அந்தத் தவற்றைச் செய்யவில்லை.

‘ஹீ’ பிரச்சினைக்காக லெ குயின் வாங்கிய அடி கொஞ்சமல்ல. பால் இல்லாத உலகம் என்று சொல்லிவிட்டு எல்லாரையும் ஆண்களாகவே காட்டிவிட்டாரே, அவர்கள் சமைப்பதையும் பிள்ளை வளர்ப்பதையும் ஏன் காட்டவில்லை என்று பெண்ணியவாதிகள் கேட்டார்கள். 1976ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில் அவர் தம் முடிவை நியாயப்படுத்தினார். ஆங்கிலத்தில் ‘ஹீ’ பொதுச்சொல் என்றார். பத்தாண்டுக்கு மேல் கழிந்ததும் அதே கட்டுரையை எடுத்து, பழைய வரிகளை அழிக்காமல், பக்கத்திலேயே மறுப்புகளை எழுதி மீண்டும் வெளியிட்டார். இதே கோளைப் பற்றி முன்பு எழுதிய ‘விண்டர்ஸ் கிங்’ என்ற சிறுகதையை 1975ஆம் ஆண்டுத் தொகுப்பில் சேர்க்கும்போது ‘ஹீ’ எல்லாவற்றையும் ‘ஷீ’ ஆக்கினார். ஆனால் அரசர் என்ற சொல்லை மட்டும் மாற்றவில்லை. படித்துப் பார்த்தேன். அரசர் வந்தாள், அரசர் அமர்ந்தாள் என்று போகிறது. ‘ஹீ’ பழகிப்போன கண்ணுக்கு உறைக்காமல் நழுவியது, ‘ஷீ’ வந்ததும் பக்கத்துக்குப் பக்கம் உறைத்தது.

இதெல்லாம் கற்பனைக் கோளில் தானே என்பவர்களுக்கு நம் கடலுக்கு அக்கரையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தென் சுலாவெசியின் பூகிஸ் மக்கள். சிலாங்கூர் அரச பரம்பரை அவர்கள் வழி வந்தது; சிங்கப்பூரின் பூகிஸ் வட்டாரம் அவர்கள் பெயரைத் தாங்கியது. பூகிஸ் மரபில் மனிதரை ஐந்து வகையாகச் சொல்கிறார்கள். ஆண், பெண், பெண்ணுடலில் பிறந்து ஆண் வழியில் வாழும் சாலாலாய், ஆணுடலில் பிறந்து பெண் வழியில் வாழும் சாலாபாய், எல்லாம் தம்முள் அடங்கியவர்களாகக் கருதப்படும் பிஸ்ஸு. பிஸ்ஸு என்பவர்கள் பூசகர்கள். அரசவைச் சடங்குகளை நடத்தியவர்கள். செகெரி என்ற ஊரில் உழவுப் பருவத்தைத் தொடங்கி வைக்கும் சடங்கு இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. கெரிஸ் கத்தியைத் தம் உடலில் அழுத்தி, தெய்வம் இறங்கியிருப்பதை நிறுவுவார்கள். 1950களிலும் 60களிலும் சமயக் கிளர்ச்சிக்காரர்கள் அவர்களை வேட்டையாடினார்கள். பலர் மறைந்து வாழ்ந்தார்கள். பூகிஸ் இதிகாசமான ‘இ லா காலிகோ’ மேடை நாடகமாக முதலில் அரங்கேறியது சிங்கப்பூர் எஸ்பிளனேடில், 2004ஆம் ஆண்டில். அதில் ஒரு மூத்த பிஸ்ஸுவே பங்கேற்றார்.

ஐந்து என்றதும் நம் ஐம்பால் நினைவுக்கு வந்தால் அதை ஒதுக்கி வையுங்கள். நம் ஐந்தில் இரண்டு அஃறிணைக்குப் போய்விடுகிறது. பூகிஸ் கணக்கில் ஐந்தும் மனிதர்தாம். கெத்தனோடும் இதை ஒன்றாக்க முடியாது. பூகிஸ் மரபில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் இடம், உடை, வேலை உண்டு. கெத்தனில் இடமே இல்லை, இன்று ஒன்று, நாளை வேறு. கெத்தனில் நிலையான பாலோடு பிறக்கும் சிலர் உண்டு. அவர்களை இளக்காரத்தோடு சகித்துக்கொள்கிறார்கள். கென்லியையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். உங்கள் உலகத்தில் எல்லாரும் எந்நேரமும் கெம்மரிலேயே இருக்கிறீர்களா என்று கேட்டு அரசர் அருவருப்பு அடைகிறார். வினோதம் யார் என்பது எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று காட்ட லெ குயினுக்கு இந்த ஒரு காட்சி போதுமாக இருக்கிறது.

இந்தப் பார்வை அவருக்கு வீட்டிலேயே கிடைத்திருக்க வேண்டும். தந்தை ஆல்ஃபிரட் குரோபர் அமெரிக்க மானிடவியலின் முன்னோடிகளில் ஒருவர். 1911ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் யாகி இனத்தின் கடைசி மனிதர் காட்டைவிட்டு வெளியே வந்தபோது, அவரைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைத்து அவர் மொழியைப் பதிவு செய்தவர்களில் ஒருவர் அவர். அந்த மனிதர் தம் பெயரைச் சொல்லவில்லை. ‘மனிதன்’ என்று பொருள்படும் இஷி என்ற சொல்லே அவருக்குப் பெயராயிற்று. 1916இல் காசநோயால் இறந்தார். அவர் வரலாற்றை 1961ஆம் ஆண்டு நூலாக எழுதியவர் லெ குயினின் தாய் தியோடோரா. ஒரு பண்பாட்டுக்குள் தனியாக நிற்கும் வேற்றாள் என்பது அந்தக் குடும்பம் அறிந்த ஒன்று. நாவலும் தூதரின் அறிக்கை, ஆய்வுக் குறிப்பு, நாட்டார் கதை, நாட்குறிப்பு என்று கள ஆய்வுக் கோப்பு போலத்தான் அடுக்கப்பட்டிருக்கிறது.

கெத்தனியர்களிடம் ‘ஷிஃப்க்ரெத்தர்’ என்று ஒன்று உண்டு. நிழலைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்ததாம். மலாய்க்காரர்கள் சொல்லும் ‘ஆயர் முகா’வுக்கு மிக அருகில் வரும். நேராக அறிவுரை சொன்னால் எதிராளியின் மதிப்பு குறையும். எஸ்ட்ராவென் மறைமுகமாகப் பேசியது அதனால்தான். கென்லி அதைப் பெண் குணம் என்று எடுத்துக்கொண்டார். அது நாட்டு மரியாதை. இந்த ஒரு திருகல் அவிழ்வதற்குள் எஸ்ட்ராவென் பதவி இழந்து, துரோகி என்று நாடு கடத்தப்படுகிறார். கென்லி பக்கத்து நாட்டில் கைதியாகிச் சாகக் கிடக்கிறார். அந்தக் கட்டாய உழைப்பு முகாமிலிருந்து அவரைத் தூக்கிச் சென்று காப்பாற்றுகிறவர் அதே எஸ்ட்ராவென்தான்.

பிறகு இருவரும் ஒரு சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு பெரும் பனிப்பரப்பைக் கடக்கிறார்கள். ஏறத்தாழ எண்பது நாள். எரிமலைப் புகை, வெள்ளை இருட்டு, அளந்து தின்னும் உணவு. நூலின் மிகச் சிறந்த பகுதி இது. இதற்கு முன் வரும் அரசியல் அதிகாரங்களில் சலித்துப் போகிறவர்கள் பொறுத்துக்கொண்டு இங்கே வந்துவிட வேண்டும். ஒரு சின்னக் கூடாரத்தில் இருவர். எஸ்ட்ராவெனுக்குக் கெம்மர் வருகிறது. விலகி விலகிப் படுக்கிறார். காரணம் கேட்ட கென்லிக்கு அப்போதுதான் தெரிகிறது, இத்தனை நாளும் தான் பார்க்க மறுத்து வந்தது எதை என்று. எதிரே இருப்பவர் ஆண் மட்டும் அல்லர், பெண்ணும்தான். அந்தப் பெண்ணை ஒப்புக்கொள்ள மனமில்லாமல்தான் அந்த மனிதரின் நட்பையும் நம்பிக்கையையும் இதுவரை தள்ளி வைத்திருந்திருக்கிறார். இருவரும் கூடவில்லை. அந்த எல்லையைக் கடக்காமலேயே அங்கிருந்து அன்பு தொடங்குகிறது.

எஸ்ட்ராவென் ஒரு கேள்வி கேட்கிறார். உங்கள் ஊரில் பெண்கள் எப்படிப்பட்டவர்கள், உங்களிடமிருந்து எதில் வேறுபட்டவர்கள்? கென்லி பேச முயல்கிறார். ஏதேதோ சொல்லித் தடுமாறுகிறார். தன் உலகத்துப் பெண்களைவிட எதிரே இருக்கும் கெத்தனியரே தனக்குப் பழக்கமானவர் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறார். எங்கள் வாசகர் வட்டத்தில் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஆண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. ஆசிரியை மட்டும் தேநீர் ஊற்றக் குவளைகளை எடுத்தார். தலைமையாசிரியர் எழுந்துபோய் அவர் கையிலிருந்து கெண்டியை வாங்கிக்கொண்டார்.

கூடாரக் காட்சியிலிருந்து என் மொழிபெயர்ப்பில் ‘அவன்’ நின்று ‘அவர்’ தொடங்குகிறது. தலைமையாசிரியருக்கு அதில் ஓரளவு சமாதானம். எண்பது நாள் ஒரே சட்டியில் உண்டவரை ‘அவர்’ என்பது அந்நியமாக இருக்கிறதே என்று எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. உரிமைக்கும் நெருக்கத்துக்கும் தமிழில் பால் இல்லாத படர்க்கைச் சொல் ‘அது’ ஒன்றுதான். “அது இன்னும் சாப்பிடல” என்று வீட்டில் பாசத்தோடு சொல்வோமே, அந்த ‘அது’. எழுத்தில் போட்டால் அதன் பாசம் போய் இழிவு மட்டும் எஞ்சிவிடும். இரண்டு உரையாடல்களில் பெயரை மட்டும் போட்டு, முடிந்த இடத்திலெல்லாம் எழுவாயை விழுங்கி ஒப்பேற்றியிருக்கிறேன். தமிழ் அதற்கு இடம் கொடுத்தாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எல்லையில் எஸ்ட்ராவென் சுட்டுக் கொல்லப்படுகிறார். பின்னர் கென்லி அழைத்த விண்கலம் இறங்குகிறது. ஆண்களும் பெண்களுமாக அவருடைய சொந்த மனிதர்கள் வருகிறார்கள். கென்லிக்கு அவர்கள் குரல் ஒன்று மிகத் தடித்தும் ஒன்று மிக மெலிந்தும் ஒலிக்கிறது; இரண்டு வெவ்வேறு விலங்கினங்களைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. அறைக்குத் திரும்பி, ஓர் இளம் கெத்தனிய மருத்துவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நெஞ்சு அடங்குகிறது.

இப்போது நான் நிற்கும் இடம் கடைசி அதிகாரம். கென்லி எஸ்ட்ராவெனின் ஊருக்குப் போகிறார். பெற்றவரைப் பார்க்கிறார். அங்கே எஸ்ட்ராவெனின் பிள்ளை, இளவயது, தூதரிடம் இரண்டு செய்தி கேட்கிறது: எப்படி இறந்தார் என்பதும், வெளியே இருக்கும் மற்ற உலகங்களைப் பற்றியும். மூலத்தில் ‘சன்’ என்ற சொல் இருக்கிறது. மகன் என்று எழுதி, அடித்து, மகள் என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு, ‘பிள்ளை’ என்றே எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் கேட்பார்கள்.